வாய் மூடத் தெரியாத இலைகள்

காலை ஐந்தரை மணிக்குப் பெரியதாழையில் பஸ் ஏறினேன். திருச்செந்தூரில் ஒரு பஸ், தூத்துக்குடியில் இன்னொரு பஸ். எண்பது கிலோமீட்டருக்குக் குறையாது. ஒரு திராட்சைச் செடியை வாங்கி வரத்தான் இவ்வளவு அலைச்சல்.

கடையில் கிடைக்கிற செடி இல்லை. என் வீட்டுக்காரர் கொல்லையில் நட்ட கொடி. பழம் அப்படிப் புளிக்கும். ஒருமுறை கொத்திய காக்கா மறுமுறை வராது. அவர் மட்டும் தேன் என்று சொல்லித் தின்பார். அவர் போன பிறகு கிணற்றில் கடல் உப்பு ஏறி, கொடி பட்டுப்போனது. அது சாகும் முன்னே என் மகன் நுனிக்கிளைகளை நறுக்கி, தூத்துக்குடிப் பக்கத்துப் புதுக்கோட்டை தாண்டி இருக்கிற திசு வளர்ப்பு லேபில் கொடுத்திருந்தான்.

துறைமுக லாரிகள் வழிவிட்டு, பஸ் போய்ச் சேரும்போது மணி பத்து. லேபைப் பார்த்துக்கொள்வது செல்வி, குலசேகரன்பட்டினத்துப் பெண். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டியூப்லைட் வெளிச்சத்தில் அடுக்கடுக்காகப் பாட்டில்கள். குண்டூசித் தலை அளவு நுனியை வெட்டி, மருந்துத் தண்ணீரில் கழுவி, ஜெல்லியில் நட்டு வளர்த்தார்களாம்.

"ஜெல்லி எதுல செஞ்சதுளா?"

"கடல்பாசி, ஆச்சி. சீனியும் சத்தும் கலந்திருக்கு."

தாயைக் கொன்ற கடல் பிள்ளைக்குச் சோறு போடுகிறது. சிரிப்பதா, கோபப்படுவதா என்று தெரியாமல் நின்றேன்.

"இதுல எங்க கொடி எது?"

"இந்தத் தட்டு முழுக்க ஒங்க கொடிதான். எல்லாம் ஒண்ணு போல."

என் வயிற்றில் பிறந்த மூன்றும் மூன்று திசை. இங்கே ஒரு நுனியில் இத்தனை பிள்ளை. சண்டையும் இல்லை, சத்தமும் இல்லை. நல்லது நடக்கட்டுமென்று பையிலிருந்து மாதா கோயில் தீர்த்தத்தை எடுத்தேன். செல்வி பதறிவிட்டாள்.

"ஐயையோ, பாட்டிலைத் தொறந்துராதிய! ஒரு பூஞ்சை உள்ள போனா அம்புட்டும் போச்சு."

"தீர்த்தம்ளா!"

"தீர்த்தமா இருந்தாலும் குக்கர்ல வேக வச்சுத்தான் உள்ள விடுவோம்."

தட்டு முழுக்க இருந்தாலும் வேர் விட்டது ஒன்றே ஒன்று. மற்றவை விடுமா என்று சொல்ல முடியாதாம். அந்த ஒன்றைத் தென்னைநார்த் தூள் நிரப்பிய கப்பில் வைத்து, பாலிதீன் பையால் மூடித் தந்தாள்.

"பையில தெனமும் ஒரு ஓட்டை போடுங்க. சட்டுனு எடுத்துராதிய. பாட்டில்ல வளந்த இலைக்கு வாய மூடத் தெரியாது. உள்ள இருக்க ஈரத்தையெல்லாம் விட்டுட்டுக் காஞ்சிரும்."

"அப்ப எங்க குடும்பத்துப் பிள்ளைதான்."

சிரித்தவள் சட்டென்று கேட்டாள்: "கிணத்து உப்பு மாறிட்டா ஆச்சி?"

"மாறல. நல்ல தண்ணி வெலைக்கு வாங்கி ஊத்துதேன்."

"உப்பில்லாத காத்தையுமா வெலைக்கு வாங்குவிய?"

பாலிதீன் பையைச் சரிசெய்துகொண்டு கிளம்பினேன்.

திரும்பும் பஸ்ஸில் கப்பை மடியில் வைத்திருந்தேன். கண்டக்டர் குனிந்து பார்த்தார். "என்ன ஆச்சி, கோழிக்குஞ்சா?"

"எங்க வீட்டுக்காரரு."

அடுத்த சீட்டுப் பெண் தள்ளி உட்கார்ந்தாள்.

புதுக்கோட்டை வந்தது. அவருடைய தங்கை ரோஸ்லின் வீடு அங்கேதான். தன் கிணற்றுத் தண்ணீர் கல்கண்டு என்று கல்யாணமான நாளிலிருந்து பீற்றுகிறவள். பஸ் கிளம்பப் போகும்போது எழுந்து இறங்கிவிட்டேன்.

"என்ன மைனி, நல்ல தண்ணி குடிக்க வந்தியளா?" என்றாள் வாசலிலேயே.

"ஒங்கண்ணன் கொடி. ஒங்கிட்ட விட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

அவள் வாய் அடங்கி நான் பார்த்ததே இல்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். பையில் ஓட்டை போடும் விவரமெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இனி இது யாரு கொடி மைனி?" என்றாள்.

"நிக்கது வரைக்கும் ஒனக்கு. காய்ச்சா எனக்கு."

"அந்தப் புளிப்ப யாரு கேட்டா!" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

பெரியதாழையில் இறங்கும்போது பொழுது சாய்ந்திருந்தது. கடற்காற்று சேலையைப் பிடித்து இழுத்தது. இதில் அந்தச் செடி ஒரு நாள் தாங்கியிருக்காது. இனி அதைப் பார்க்க ரோஸ்லின் வீட்டுக் கதவைத்தான் தட்ட வேண்டும். கல்கண்டுத் தண்ணீர்ப் பெருமையையும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையே போய் நிற்கப் போகிறேன் என்று அவளிடம் சொல்லவில்லை.