ஜி மேஜர் படத்தில் சுண்டு விரல்

கிடாரில் எந்த விரலை எங்கே வைப்பது என்று படம் போட, கிடார் வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை. எதிரே இருக்கிற கையை உள்ளபடி வரைந்தால் போதும் என்று நம்பி இறங்கியவன் நான். பனியனுக்கு பிரிண்ட் டிசைன் போட்டுக்கொண்டிருந்த என்னை, திருப்பூர் டவுனில் இசைக்கருவிக் கடை வைத்திருந்த பழனிசாமி அண்ணன் கூப்பிட்டார். கிடார் வாங்குகிறவர்களுக்கு இலவசமாகக் கொடுக்க ஒரு சின்னப் புத்தகம், பக்கத்துக்கு ஒரு படம்; ஜி மேஜர், டி மேஜர் என்று ஒவ்வொரு விரல் பிடிக்கும் ஒன்று. அடுத்தவர் கேட்டபடி படம் போட்டுப் பிழைக்கிற நண்பர்களே, 'சின்ன வேலைதான்' என்று யாராவது கூப்பிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கை கொடுத்தவர்

படத்துக்குக் கை காட்ட வந்தவர் சேவியர் அண்ணன். சொந்த ஊர் தெற்கே நாசரேத் பக்கம். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்து, அப்புறம் பேக்கிங்குக்கு மாறியவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கிடார் வாசிப்பார். நான் ஒரு படம் முடிக்கும்வரை தந்தியை அழுத்தியபடியே உட்கார்ந்திருப்பார். விரல் நுனியில் கம்பி பதிந்து கோடு விழுந்துவிடும். வலிக்கிறதா என்று கேட்டால் சிரிப்பார்.

சுண்டு விரல் மட்டும் எப்போதும் விறைப்பாகத் தூக்கியே நிற்கும். அது ஏதோ ஸ்டைல் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காமல், ரசித்து ரசித்து அப்படியே வரைந்தேன். படத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "அச்சு அசலா என் கைதான் தம்பி. ஆள்காட்டி வெரலு மச்சத்தக்கூட விடாம போட்டிருக்கிய."

யார் பக்கத்துக் கை

முதலில் கொஞ்சம் ஜெராக்ஸ் எடுத்து கடைக்கு வந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தோம். காதர்பேட்டை பனியன் மார்க்கெட்டில் பில் போடுகிற ஒரு அம்மா கடையிலேயே கிடாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். குனிந்து கையைப் பார்ப்பார், நிமிர்ந்து படத்தைப் பார்ப்பார், கையைத் திருப்பிப் பார்ப்பார். நான் அத்தனை படத்தையும் எதிரே உட்கார்ந்து வரைந்திருந்தேன்; வாசிக்கிறவர் கண்ணுக்கு எல்லாம் தலைகீழ்.

சேவியர் அண்ணன் முகம் சுளிக்காமல் மறுபடி முதலிலிருந்து உட்கார்ந்தார். இந்தத் தடவை அவர் தோளுக்குப் பின்னால் நின்று வரைந்தேன். வரைந்து வரைந்து என் கை ஒடிந்தது. அந்த அம்மா கேட்ட கேள்வி மட்டும் காதிலேயே இருந்தது: "ஏனுங்க, இது என்ர கைங்களா, எதுத்தாப்புல உக்காந்திருக்கறவரு கைங்களா?"

புத்தகம் சொன்னபடி

அச்சடித்த புத்தகம் ஒன்றுகூட மிஞ்சாமல் போனது. கொஞ்ச நாளில் கடைக்கு வந்து வாசித்துக் காட்டுகிறவர்கள் எல்லாருக்கும் சுண்டு விரல் மேலே நின்றது. பொங்கலூரில் கோழிப்பண்ணை வைத்திருந்த ஒருவர் இடது கையை நீட்டிக்கொண்டே படியேறி வந்தார். "புஸ்தகத்துல இருக்குதேன்னு சுண்டு வெரலத் தூக்கியே புடிச்சுப் பழகுனனுங்க. இப்ப டீ டம்ளரப் புடிச்சாலும் அது தானாத் தூக்கிக்குதுங்க."

சொல்லாமல் விட்டது

அவர் போனதும் பழனிசாமி அண்ணன் என்னைப் பார்த்தார். "சேவியருக்குக் கட்டிங் மிஷின் பட்டு நரம்பு போன வெரலு கண்ணு அது. மடங்காது. அடுத்த அச்சுல மடக்கிப் போட்டுரு. ஆனா அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லீட்டுப் போடு" என்றார். எனக்கு முகம் சுருங்கிப்போனது. பேக்கிங்குக்கு ஏன் மாறினார் என்பதும் அப்போதுதான் புரிந்தது.

அன்று சாயங்காலமே சேவியர் அண்ணன் வந்தார். உங்கள் விரலை மாற்றப்போகிறேன் என்று ஒருவரிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமல் இருப்பதுதான் மரியாதை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மரியாதையும் இல்லை ஒன்றும் இல்லை, பயம். அவர் வந்தது அடுத்த அச்சு எப்போது என்று கேட்கத்தான். "ஊர்ல கை போச்சு, கை போச்சுன்னு பேசிக்கிடுதாவ தம்பி. கிறிஸ்மஸுக்குப் போவும்போது ரெண்டு புக்கு கொண்டு போவணும். இந்தக் கையப் பாத்துதான் திருப்பூர்ல படிக்காவன்னு காட்டணும்."

இரண்டாம் அச்சு

மற்றதையெல்லாம் அப்படியே விட்டுவிட்டு, சுண்டு விரலை மட்டும் அழித்து, என் விரலை மடக்கிப் பார்த்து வரைந்தேன். பார்க்க நன்றாகவே இருந்தது. பழனிசாமி அண்ணனுக்கும் திருப்தி.

டிசம்பரில் ஊருக்குப் போகிற பையோடு சேவியர் அண்ணன் வந்து இரண்டு புத்தகம் எடுத்தார். ஜி மேஜர் பக்கத்தைப் பிரித்தார். அதன்மேல் தன் இடது கையை வைத்துப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. இரண்டு புத்தகத்தையும் மேஜைமேல் திருப்பி வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "மச்சம் என்னுது, மத்த வெரலு என்னுது. இது யாரு வெரலுன்னு ஊர்ல கேட்டா நான் என்ன தம்பி சொல்ல?"

என் விரல் என்று அன்றைக்கும் நான் சொல்லவில்லை. கிடாரைத் தொட்டே பார்க்காத அந்த விரலைப் பார்த்துத்தான் திருப்பூரில் அதற்குப் பிறகு எல்லாரும் ஒழுங்காக வாசிக்கக் கற்றுக்கொண்டார்கள்.