கருத்தக்கண்ணன் சொன்ன ஆறு மாதம்

தேவதானப்பட்டியிலிருந்து இரண்டு மைல் தள்ளி, மஞ்சளாற்றங்கரையில் இருந்த ஊத்துப்பட்டிக்குக் கருத்தக்கண்ணன்தான் தலையாரி. வரி கட்டச் சொல்வது, மாடு காணாமல் போனதைச் சொல்வது, அம்மை கண்ட தெருப்பக்கம் போகாதே என்று சொல்வது எல்லாம் அவன் வேலை. தமுக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு மூன்று தட்டுத் தட்டிவிட்டு வாயைத் திறந்தான் என்றால், அக்கரையில் நாற்று நடுகிற பெண்கள்கூட நிமிர்ந்து பார்ப்பார்கள். அவனுக்கு எழுத்து தெரியாது. ஆனால் கிராம முன்சீப் ஒரு தடவை சொன்னதை ஒரு சொல் சிந்தாமல் ஊர் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவான். தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சித்தொட்டி எந்த ஊரில் திறந்திருக்கிறது என்று அவன் கூவிச் சொன்னதை நம்பி நடந்துபோய் உயிர் பிழைத்தவர்கள் அந்த ஊரில் பாதிப் பேர். கருத்தக்கண்ணன் சொல்லிவிட்டான் என்றால் அதற்கு மேல் யாரும் விசாரிக்கமாட்டார்கள். அதில் அவனுக்கு ரொம்பப் பெருமை.

பஞ்சத்தில் பத்துப் பன்னிரண்டு வயதில் இருந்த பிள்ளைகள் இப்போது இளவட்டங்களாகி நின்றார்கள். அப்பன்மார் நிலத்தைத் தானியத்துக்கு விற்றுத் தின்றிருந்தார்கள். மிச்சம் இருந்தது ஆடுதான். அந்த ஆட்டுக்கும் மலையடிவாரத்தை விட்டால் மேய்ச்சல் கிடையாது. அந்த மலையையும் சர்க்கார் அடைத்தது. இனி உள்ளே ஆடு மாடு போகக்கூடாது என்று தமுக்கடித்துச் சொன்னவனும் கருத்தக்கண்ணன்தான்.

பெரியவர்கள் முணுமுணுத்துவிட்டு அடங்கிப்போனார்கள். இளவட்டங்கள் ஏழு பேர் அடங்கவில்லை. வேலியைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஆட்டை உள்ளே ஓட்டினார்கள். தடுக்க வந்த காட்டுக் காவலனை ஆற்றுவரைக்கும் விரட்டி அடித்தார்கள். அதற்குப் பிறகு அவர்களில் நாலு பேர் சேர்ந்து தெருவில் நின்றாலே முன்சீப் வேறு தெரு வழியாகப் போனார். ஊருக்கும் அவர்கள்மேல் நல்ல அபிப்பிராயம் இல்லை. "கஞ்சித்தொட்டியில வளந்த பயலுகளுக்கு அடக்கம் எங்கன இருந்து வரும்?" என்றார்கள். அந்த ஏழு பேரில் ஒருவன் சின்னக்கருப்பு, கருத்தக்கண்ணனின் மனைவி ராமுத்தாயின் தம்பி. பஞ்சத்தில் தாய் தகப்பன் போனபின் அக்காள் வீட்டில் வளர்ந்தவன். இன்னொருவன் கிறிஸ்தவர்கள் குடியிருந்த வேதக்காரத் தெரு பாக்கியத்தின் ஒரே மகன் இஞ்ஞாசிமுத்து.

அந்தச் சமயத்தில்தான் பர்மாச் சண்டை வந்தது. சந்தைக்குப் போய்வந்தவர்கள் ஆளுக்கொரு சேதி கொண்டுவந்தார்கள். அந்த ஊர் ராஜாவைப் பிடித்து மாட்டுவண்டியில் ஏற்றிவிட்டார்கள் என்றான் ஒருவன். அங்கே விதைக்காமலே நெல் விளைகிறது என்றான் இன்னொருவன். யார் ஜெயித்தால் நமக்கென்ன என்று சொன்னவர்களும் உண்டு. ஆனால் சும்மா சுற்றுகிற பயல்களை எல்லாம் அப்படி ஒரு சண்டைக்கு அனுப்பினால் ஊர் உருப்படும் என்பதில் எல்லாருக்கும் ஒரே பேச்சாக இருந்தது.

மாசி மாதம் ஒரு காலையில் முன்சீப் கருத்தக்கண்ணனைச் சாவடிக்குக் கூப்பிட்டுவிட்டார். ஊரில் நிலபுலம் உள்ள முக்கியமான சம்சாரிகள் இரண்டு பேர் அங்கே வெற்றிலை போட்டபடி உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏலே கருத்தக்கண்ணா, பர்மாவுல சண்டை முடிஞ்சுபோச்சு. மூட்டை தூக்க, வண்டி ஓட்ட ஆளு கேக்குறாக. ஆறே மாசம். போயிட்டு வாறவன் வீட்டு ஆட்டுக்கு மலையில மேய்ச்சல் உண்டுன்னு சொல்லு. இங்கன மட்டும் இல்ல, பக்கத்து ரெண்டு ஊருலயும் சொல்லிரு."

"மேய்ச்சலுக்கு எழுதிக் குடுப்பாகளாய்யா?"

"நான் சொல்றேன்ல."

கருத்தக்கண்ணனுக்கு அது போதுமாயிருந்தது. அன்றைக்கே மூன்று ஊரிலும் தமுக்கடித்தான். ஆறு மாசம் என்ற இடத்தில் நிறுத்தி, இன்னொரு தடவையும் சொன்னான். வீட்டுக்கு வந்தபோது சின்னக்கருப்பு ஆட்டுக்கிடைப் பக்கம் காத்திருந்தான்.

"மச்சான், நெசமாவே ஆறு மாசந்தானா?"

"நான் என்னைக்கு மாப்ள பொய் சொன்னேன்? ஆவணிக்கு இங்கன இருப்ப. வந்ததும் உனக்குக் கல்யாணம்."

ராமுத்தாய் வேண்டாம் என்றுதான் சொன்னாள். தம்பியைக் கடல் தாண்டி அனுப்ப அவளுக்கு மனசில்லை. "காவக்காரன அடிச்ச கேசு இவன் தலையில விடிஞ்சா என்ன செய்வ? போயிட்டு வரட்டும். ஆட்டுக்கும் வழி பிறக்கும்" என்று கருத்தக்கண்ணன்தான் அவளைச் சரிக்கட்டினான்.

ஏழு பேரும் சாவடியில் ஒரு காகிதத்தில் கைநாட்டு வைத்தார்கள். அதை யாரும் படித்துக் காட்டவில்லை. படிக்கச் சொல்லி அவர்களும் கேட்கவில்லை. கருத்தக்கண்ணன் சொன்னபிறகு கேட்க என்ன இருக்கிறது? ஊர் மேளம் வைத்து மாலை போட்டு அவர்களை அனுப்பியது. வத்தலக்குண்டு வழியாக நடந்து அம்மையநாயக்கனூரில் ரயிலேறினார்கள்.

ஆவணி வந்தது, போனது. கப்பல் கிடைக்கவில்லையாம் என்றார் முன்சீப். தீபாவளி வந்தபோது, மழைக்காலம் முடியட்டும் என்றார். பாக்கியம் தினமும் வந்து கருத்தக்கண்ணன் வாசலில் நின்றாள்.

"கண்ணா, ஏதாச்சும் சேதி உண்டா?"

"வந்துருவாக ஆத்தா. ஐயா சொன்னாக."

மலை திறக்கவில்லை. போனவர்கள் வீட்டு ஆடுகளையும் காவலர்கள் பிடித்துப் பட்டியில் அடைத்தார்கள். போய் நின்று கேட்கிற ஏழு பேரும் ஊரில் இல்லை. ஊர் ஒவ்வொரு ஆடாக விற்றுக்கொண்டிருந்தது. அந்த வருஷம் போய், அடுத்த வருஷமும் போனது.

இரண்டு வருஷம் கழித்துப் பங்குனியில் ஒருவன் மட்டும் வந்து சேர்ந்தான். கர்ணன் என்று பெயர், ஏழு பேரில் பலசாலி. இப்போது காய்ச்சலில் கண்ணெல்லாம் மஞ்சள் பூத்து, வயிறு வீங்கி, கம்பை ஊன்றி நடந்து வந்தான். ஊரே அவன் வீட்டு முன்னால் கூடியது.

"சண்டையா முடிஞ்சது? ராசாவப் பிடிச்ச பொறகுதான் சண்டையே. காட்டுக்குள்ள இருந்து சுடுறான். எவன்னு தெரியல, எங்கன இருந்துன்னு தெரியல" என்றான். இஞ்ஞாசிமுத்து கழிச்சலில் போய்விட்டான், ஆற்றோரம் புதைத்தார்கள். சின்னக்கருப்பு ஓட்டிப்போன வண்டி எரிந்து கிடந்தது, ஆளைக் காணோம். மற்ற நாலு பேர் வேறு வேறு இடத்தில். இருக்கிறார்களா இல்லையா என்று தெரியாது.

"ஆறு மாசம் முடிஞ்சதும் ஊருக்கு விடுங்கன்னு கேட்டோம். அங்கன ஒரு தமிழ்க் குமாஸ்தா எங்க காகிதத்த எடுத்துப் படிச்சாரு. தேவைப்படுற வரைக்கும்னு எழுதியிருக்காம். மேய்ச்சல்னு ஒரு பேச்சே இல்ல. கீழ, எல்லாத்தையும் இவுகளுக்குப் படிச்சுக் காட்டுனேன்னு நம்ம முன்சீப்பு கையெழுத்துப் போட்டிருக்காரு."

கூட்டம் திரும்பிக் கருத்தக்கண்ணனைப் பார்த்தது. பாக்கியம் அழக்கூட இல்லை. "வந்துருவாகன்னியே கண்ணா" என்று மட்டும் சொன்னாள்.

அவன் நேரே சாவடிக்குப் போனான். பின்னால் ஊரும் போனது. முன்சீப்பின் எதிரே இதுவரை அவன் குரல் உயர்ந்ததில்லை.

"ஐயா, ஆறு மாசம்னு நீங்கதான சொன்னீக?"

முன்சீப் பதறவில்லை. கூடி நின்றவர்களைப் பார்த்துக் கேட்டார்: "ஆறு மாசம்னு நான் சொல்லி உங்கள்ல யாராவது கேட்டீகளா? இவன் சொல்லித்தான கேட்டீக?"

உண்மைதான். அவர் வாயால் யாரும் கேட்கவில்லை. மூன்று ஊரும் கேட்டது கருத்தக்கண்ணன் குரலை. அவன் அந்தச் சம்சாரிகள் இரண்டு பேரையும் தேடினான். கூட்டத்தில்தான் நின்றார்கள்.

"நீங்க இருந்தீகளே அன்னைக்கு. சொல்லுங்க."

ஒருவர் தோள்துண்டைச் சரிசெய்துகொண்டார். மற்றவர், "எங்களுக்கு என்ன ஞாபகம் இருக்கு? ஆளுக்கு இவ்வளவுன்னு காசு கிடைக்கும்னு நீதான் ஓடி ஓடிச் சொன்ன" என்றார். பயல்கள் தொலைந்தால் சரி என்று சொன்ன வாய்களே, நாங்கள் அப்போதே வேண்டாம் என்றோமே என்று பேசத் தொடங்கின. யாரோ மண்ணை வாரி அவன்மேல் எறிந்தார்கள்.

மூன்று நாள் அவன் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. வெயில் பட்ட காயம்போல உள்ளுக்குள் ஒன்று எரிந்துகொண்டே இருந்தது. முன்சீப் பொய் சொன்னதைக்கூட அவனால் தாங்க முடிந்தது. தன் குரலைக் கொண்டே தன் வீட்டுப் பிள்ளையைப் பிடிக்கவைத்தாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. நாலாம் நாள் காலையில் ராமுத்தாய் தமுக்கை எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தாள்.

"மூணு ஊருலயும் அதச் சொன்னேல்ல? மூணு ஊருக்கும் போய் இதையும் சொல்லு."

போனான். முனைக்கு முனை நின்று தட்டினான். "இதனால் சகலருக்கும் சொல்றது என்னன்னா, பர்மாவுக்கு ஆறு மாசம்னு நான் சொன்னது பொய். என்னய அப்படிச் சொல்லச் சொன்னது முன்சீப்பு. காகிதத்துல இருக்குறது வேற. காட்டுல ஆட்ட விட்ட பயலுகள ஊரவிட்டு ஓட்டத்தான் இத்தனையும்!" தெருவில் நின்றவர்கள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். முன்சீப்பின் காதில் விழும்போது தாங்களும் கேட்டுக்கொண்டு நின்றதாக இருக்கக்கூடாதல்லவா? இரண்டாவது ஊரில் பாதித் தெரு முடிவதற்குள் போலீஸ்காரன் வந்து தமுக்கைப் பிடுங்கிக்கொண்டான்.

சர்க்கார் பேரில் பொய்த் தண்டோரா போட்டான் என்று ஒரு மாதம் உள்ளே வைத்தார்கள். தலையாரி வேலை போனது, அதற்கென்று இருந்த மானியத் துண்டு நிலமும் போனது. வெளியே வந்ததும் ராமுத்தாயைக் கூட்டிக்கொண்டு மேற்கே நடந்தான். பெரியாற்று அணைக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கூடலூரில் குடிசை போட்டு, மலைக்குச் சுண்ணாம்பு ஏற்றிப்போகிற வண்டி ஓட்டினான். அங்கே அவன் அதிகம் பேசாத ஆள். அப்படி ஒரு குரல் அவனுக்கு உண்டு என்பதே யாருக்கும் தெரியாது. சின்னக்கருப்பின் பேரை வீட்டில் இருவருமே எடுப்பதில்லை.

ஆறேழு வருஷம் கழித்து, கம்பம் சந்தையில் ஒருநாள் புளி வாங்கிக்கொண்டிருந்தபோது, விற்றவன் தேவதானப்பட்டிப் பக்கத்துக்காரன் என்று தெரிந்தது. பேச்சு எங்கெங்கோ போய் ஊத்துப்பட்டிக்கு வந்தது.

"எங்க பக்கம் ஒரு தலையாரி இருந்தான்யா. ஏழு பயலுகள பர்மாவுக்கு வித்துட்டு ஓடிட்டான். சொந்த மச்சினனக்கூட விடல."

"முன்சீப்பு ஒண்ணும் சொல்லலையா?" என்று கருத்தக்கண்ணன் கேட்டான்.

"அவரு பாவம், போகாதீகன்னு கையப் பிடிச்சு அழுதாராம். பயலுக கேட்டாத்தான? இந்தக் காலத்துப் பயலுக."

"நான்தான்யா அந்தத் தலையாரி."

புளிக்காரன் சிரித்தான். பிறகு முகத்தைப் பார்த்துவிட்டு, எடைபோட்ட புளியைத் திரும்பக் கூடையில் கொட்டிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து ராமுத்தாயிடம் சொன்னான். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"அழுதாராமா?" என்றாள்.

"அப்படித்தான் பேசிக்கிறாக."

"நீ தெருத்தெருவாச் சொன்னியே, அத ஒருத்தர்கூடவா கேக்கல?"

"எல்லாரும் கேட்டாக" என்றான் கருத்தக்கண்ணன். "கேட்டதுனாலதான் கதவச் சாத்துனாக."

அவள் களைந்த தண்ணீரை வெளியே வீசிவிட்டு, பல வருஷத்துக்குப் பிறகு தம்பி பேரைச் சொல்லி அழுதாள். அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான்.