ஒரு சிட்டிகை கரடி முடி

எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசரின் மருந்தைத் தோட்டமே நம்பிக் குடித்தது. அவர் மனைவி மட்டும் நம்பவில்லை. காய்ச்சல் என்றால் கொயினா, வயிற்றுவலி என்றால் ஒரு கசப்புத் தண்ணீர், இன்னதென்று தெரியாவிட்டால் அதே கசப்புத் தண்ணீரில் இன்னும் கொஞ்சம். இதையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்தவர் அவர். எனக்கே அந்த மருந்தில் பெரிய நம்பிக்கை கிடையாது, டிரசர்மேல்தான் நம்பிக்கை.

நான் அந்தத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. மலாயாவில், ஜொகூரில், சாஆவுக்கு வடக்கே, ரப்பர் மரங்கள் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் இருந்தது தோட்டம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானும் டிரசரும் பாய் கடையில் உட்கார்ந்துவிடுவோம். பாய் நாகப்பட்டினம் பக்கத்துக் கடற்கரைக்காரர். அரிசியிலிருந்து அரிக்கேன் விளக்குவரை விற்பார், நடுவில் எங்களுக்குத் தேநீர் போட்டுத் தந்து அரசியலும் பேசுவார். மூன்று பேரும் ஒருவரையொருவர் திட்டாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

அந்த வருஷம் மழைக்காலத்தில் புதுநடவுக்காக டிரசர் வீட்டுக்குப் பின்னால் காடு வெட்டினார்கள். ஒரு பெரிய மரம் விழவேண்டிய பக்கம் விழாமல் அவர் வீட்டுக் கோழிக்கூண்டின் மேல் வந்து விழுந்தது. அவருடைய ஐந்து வயது மகள் அப்போது பின்வாசலில் நின்றுகொண்டிருந்தாள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஆனால் அன்றோடு பேச்சு நின்றுபோயிற்று. 'அம்மா' என்பதைத் தவிர வேறு சொல் வாயிலிருந்து வரவில்லை. பானை மூடி விழுந்தால்கூடத் தாயின் சேலைக்குள் போய் ஒளிந்துகொள்வாள். அதற்கு முன்பெல்லாம் என் மீசையைப் பிடித்து இழுத்துவிட்டுத்தான் மறுவேலை பார்க்கிற பிள்ளை.

டிரசர் டானிக் கொடுத்தார். பாய் பள்ளிவாசலில் ஓதி வாங்கிய தண்ணீரைக் கொண்டுவந்தார். பூசாரி கயிறு கட்டினார். தோட்டத்து மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு பிள்ளைக்கு மொட்டையும் அடித்தாயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் நாங்கள் மூவரும் அங்கே இருக்கும்போதே அந்த அம்மா சொல்லிவிட்டார்.

"எங்க ஊர்ல கரடிக்காரன் வாசலுக்கே வருவான். நாலு முடி வாங்கித் தாயத்துல அடைச்சுக் கட்டினா எந்தப் பிள்ளைக்கும் பயம் தெளிஞ்சிடும். இங்க என்ன இருக்கு? மாசக் கடைசியில ஊருக்குக் கப்பலாம். நான் பிள்ளையக் கூட்டிக்கிட்டுப் போறேன்."

போனால் அந்த அம்மா திரும்பமாட்டார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். வந்த நாளிலிருந்தே அவருக்கு இந்த மண் பிடிக்கவில்லை.

என் வாய் சும்மா இருக்குமா? "கரடிதானே, இந்தக் காட்டுல இல்லாத கரடியா? நான் சுட்டுத் தரேன் தங்கச்சி" என்றேன். அதுவரை நான் சுட்டதெல்லாம் தோட்டத்துக் குரங்குகளை. அவற்றிலும் பாதி என்னைப் பார்த்துப் பல்லிளித்துவிட்டுப் போனவை.

இலையுதிர்ந்து பால்வெட்டு நின்றிருந்த சமயம். துரையிடம் மூன்று நாள் லீவும் தோட்டத்துத் துப்பாக்கியும் கேட்டு வாங்கினேன். வழி காட்ட பாய் ஒரு காட்டுவாசியை, ஜக்கூன்காரரைப் பிடித்தார். காட்டில் பிரம்பு வெட்டிப் பாய் கடைக்குக் கொண்டுவருகிறவர், எங்கள் வயதுதான் இருக்கும். பாய் வெயிலானாலும் மழையானாலும் குடை இல்லாமல் கடைவாசலைத் தாண்டமாட்டார். காட்டுக்கும் குடையோடு வந்தார். கூடவே ஒரு பிஸ்கட் தகரம், அது நிறையக் கருவாடும் மாசித்தூளும்.

"வேட்டைக்குப் போறோமா, கந்தூரிக்குப் போறோமா பாய்?" என்று கேட்டேன்.

"பசிச்சா கரடியக் கடிப்பீங்களோ? நடங்க கிராணியாரே."

முதல்நாள் முழுக்க நடந்தோம். அட்டைகளுக்குப் பயந்து காலில் புகையிலைச் சாறு தடவியிருந்தோம். அட்டைகளுக்குப் புகையிலை பிடிக்கும் போலிருந்தது. வழிகாட்டி எங்களுக்கு என்ன வேண்டும் என்று மலாயில் கேட்டார். 'பெருவாங்' என்றேன். கரடி. சரியென்று தலையாட்டினார். அதோடு விட்டிருக்கலாம். டிரசர் தம் தோளிலிருந்து இடுப்புவரை கையால் இழுத்து, இவ்வளவு நீள முடி, கறுப்பு முடி, தொங்கும் என்று நடித்துக் காட்டினார். வழிகாட்டி யோசித்துவிட்டு, "தாக் அடா" என்றார். இல்லை, அப்படியொன்று இங்கே கிடையாது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "காட்டுலயே பொறந்த ஆளுக்குக் கரடி தெரியல, நல்ல ஆளைப் பிடிச்சீங்க பாய்" என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே போனேன். நாங்கள் மூவரும் பார்த்தது ஊர்த் தெருக்களில் மூக்குக்கயிறோடு ஆடிய கரடியை மட்டும்தான் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

சாயங்காலம் கூடாரம் போட்டதும் மழை பிடித்துக்கொண்டது. தோட்டா நனையக்கூடாது என்று எல்லாவற்றையும் பாயின் தகரத்தில் போட்டு மூடச் சொன்னேன். சொன்னவன் நானேதான். இதைப் பிற்பாடு பாய் ஆயிரம் தடவை சொல்லிக்காட்டிவிட்டார்.

மறுநாள் காலை, கூடாரத்திலிருந்து ஒரு மைல் தள்ளி, வழிகாட்டி கையைத் தூக்கி எங்களை நிறுத்தினார். எதிரே ஒரு மரம், பட்டையெல்லாம் நகக்கீறல். ஆளுயரத்துக்குக் கொஞ்சம் மேலே பொந்தில் தேன்கூடு. அந்தப் பொந்துக்குள் தலையை விட்டபடி மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தது கரடி. பூசை வேளையில் கரடி நுழைந்ததுபோல என்பார்கள். அன்று கரடியின் பூசையில் நாங்கள் நுழைந்தோம்.

நான் துப்பாக்கியைத் தூக்கினேன். டிரசர் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"அண்ணே, இது கரடி இல்லண்ணே. முடியே இல்ல பாருங்க!"

பார்த்தேன். ஒரு கன்றுக்குட்டி அளவுதான். உடம்பு முழுக்க, நாவிதர் ஒட்ட வெட்டிவிட்டதுபோல, விரலில் பிடிக்க முடியாத குட்டை முடி. "இதுதான் இந்த ஊர்க் கரடி" என்றேன். "இதை எப்படிண்ணே அவகிட்டக் கொண்டுபோய்க் காட்டுறது?" என்றார். "அந்த ஆளு நேத்தே சொன்னாருல்ல?" என்று பாய் எங்கள் இருவர்மேலும் பாய்ந்தார். குசுகுசுவென்று தொடங்கியது கடைத்தெருச் சத்தமாகிவிட்டது. கரடி தலையை வெளியே எடுத்து, முகமெல்லாம் தேனோடு எங்களைப் பார்த்தது. பிறகு இறங்கி, மார்பில் மஞ்சள் பிறை தெரியப் பின்னங்கால்களில் நின்று ஒரு குரைப்புக் குரைத்தது. நான் விசையை இழுத்தேன். டக் என்றது. இன்னொரு குழலும் டக்.

தோட்டா தகரத்தில். தகரம் கூடாரத்தில். கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம். பாய் குடையைப் படாரென்று விரித்தார். அந்தக் கரடி தன் வாழ்நாளில் குடையைப் பார்த்ததில்லை. புதருக்குள் பாய்ந்து போய்விட்டது. வழிகாட்டி சிரித்துச் சிரித்து வேரில் உட்கார்ந்துவிட்டார்.

டிரசர் சிரிக்கவில்லை. அதே இடத்தில் குந்தி, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். "போயிடுவாண்ணே. பிள்ளையையும் கூட்டிட்டுப் போயிடுவா" என்றார். என் வாய்வீச்சால் வந்தது இவ்வளவும். எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் வழிகாட்டியிடம் பிள்ளையின் கதையை முழுக்கச் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார். பிறகு எழுந்து அந்த மரத்துக்குப் போனார். கரடி முதுகு தேய்த்த இடத்தில், பிசினில் ஒட்டியிருந்த முடிகளை நகத்தால் பொறுமையாகக் கிள்ளி எடுத்தார். ஒரு சிட்டிகை இருக்கும். இலையில் மடித்து டிரசர் கையில் வைத்தார்.

திரும்பும் வழியில் பாய் ஒரு யோசனை சொன்னார். சிகாமட் டவுனில் குதிரைவண்டிக்காரர் ஒருவரைத் தெரியும், வால்முடி வாங்கிச் சேர்த்துவிட்டால் நீளத்துக்கு நீளமும் ஆச்சு. எனக்கும் அது நல்லதாகவே பட்டது. டிரசர் ஒப்பவில்லை.

"ஊருக்கெல்லாம் கசப்புத் தண்ணி கொடுக்கிறேன் பாய். என் பிள்ளைக்குக் கொடுக்கமாட்டேன்."

மூன்றாம் நாள் மத்தியானம் சேறும் சகதியுமாக அவர் வீட்டு வாசலில் நின்றோம். டிரசர் இலையைப் பிரித்து மனைவியிடம் நீட்டினார். ஒன்றையும் மறைக்கவில்லை. தோட்டா, குடை, எல்லாவற்றையும் சொன்னார். "இந்த ஊர்க் கரடிக்கு முடி இவ்வளவுதான்" என்று முடித்தார். அந்த அம்மா அந்தத் துணுக்கு முடிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் செத்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பிள்ளை சேலைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். விரலால் அந்த முடியைத் தொட்டாள். பிறகு, குத்துக்குத்தாக முளைக்கத் தொடங்கியிருந்த தன் தலையைத் தடவிக்கொண்டாள்.

"கரடிக்கும் மொட்டையாப்பா?"

டிரசர் எப்படியோ குரலை எடுத்து, "ஆமாம்மா" என்றார்.

"எப்ப வளரும்?"

அவர் அழுதுகொண்டிருந்தார். பாய் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். அந்த அம்மா இலையை மெல்ல மடித்து முந்தானையில் முடிந்தார்.

"வளரட்டும்டா கண்ணு" என்றார். "வளர்ற வரைக்கும் இங்கயே இருந்து பார்ப்போம்."

மாசக் கடைசியில் கப்பல் போயிற்று. பிறகு எத்தனையோ கப்பல்கள் போயின. அந்தக் காட்டுக் கரடிக்கு முடி வளரவே இல்லை.