கனடா வழியாகப் பிடித்த பிரேக்

காரில் ஓட்டுபவருக்கு இடப்பக்கம் இருப்பவருக்குப் பிரேக் கிடையாது. எங்கள் நாட்டில் எந்தக் காரும் அப்படித்தான். ஆனால் என் மனைவி எங்கள் காரில் ஏறிய நாளிலிருந்து அந்தப் பக்கத்துத் தரையைக் காலால் அமர்த்திக்கொண்டேதான் வருவாள். மாடு தெரிந்தால் ஒரு கால், பஸ் தெரிந்தால் இரண்டு கால். "அங்கை பிரேக் இல்லையப்பா, என்னட்டைத்தான் இருக்கு. பயப்படாதேயும்" என்று நான் சிரிப்பேன். அவள் சிரிக்கமாட்டாள்.

கார் பழசு, நம்பர் தகட்டில் சிறீ எழுத்துப் போட்ட காலத்தது. ஓய்வு பெற்றதும் அவளை ஏற்றிக்கொண்டு கோப்பாயிலிருந்து ஊரெல்லாம் சுற்றவேண்டும் என்று ஆசைப்பட்டு வாங்கியது. பெயின்ற் பளபளக்கும், ஹோண் அடித்தால் அடுத்த ஒழுங்கைக்குக் கேட்கும். பிரேக்தான் கொஞ்சம் யோசித்துப் பிடிக்கும்.

கொடிகாமத்தில் அவளுடைய சொந்தத்துக்குள் ஒரு கல்யாணம். பந்தல் வாசலில் பிரேக்கை அமர்த்தினேன். கார் யோசித்தது. யோசித்து முடிப்பதற்குள், வாசலில் கட்டியிருந்த வாழைமரம் குலையோடு பொனற்றில் சாய்ந்துவிட்டது. நல்லகாலம், ஒருவருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் மாப்பிள்ளை வந்துவிட்டார் என்று நினைத்து நாதஸ்வரக்காரர் ஊதத் தொடங்கினார். ஆரத்தித் தட்டோடு ஓடிவந்த பெண்கள் காருக்குள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துத் திகைத்து நின்றார்கள். அந்த நேரத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "நீர் அந்தப் பக்கம் வடிவா அமத்தேல்லைப் போலை" என்றேன்.

"இனி உந்தக் குறுக்காலை போன காருக்குள்ளை நான் இருந்தால் என்ரை பேரை மாத்துங்கோ!" என்றாள். கல்யாணம் முடிந்ததும் பஸ்ஸில் வீட்டுக்குப் போனாள். அன்றோடு என்னோடு கதைப்பதையும் விட்டுவிட்டாள்.

எனக்குச் சொல்லவேண்டியதையெல்லாம் கனடாவில் இருக்கும் தன் தங்கைக்குச் சொன்னாள். காலையில் போனை ஸ்பீக்கரில் போட்டு, குசினிக்குள் நின்று எனக்குக் கேட்கும்படி கதைப்பாள். "புட்டு மேசையிலை கிடக்கு. பசிச்சால் சாப்பிடச் சொல்லு." அங்கே இரவு. மச்சாள் கொட்டாவி விட்டுக்கொண்டு, "அத்தான், புட்டு மேசையிலை கிடக்காம்" என்பாள்.

என்னால் தாங்க முடியவில்லை. பக்கத்து இருக்கை காலியாகக் கிடந்தால் எனக்கு எதற்குக் கார்? ஒருநாள் தனியாக ஊர்ந்துகொண்டு போனேன். முன்னால் மாடு வந்தது, பக்கத்தில் தரையை அமர்த்த ஆளில்லை. சீ என்றாகிவிட்டது. கார் ஒழுங்காக நின்றால்தான் அவள் ஏறுவாள், ஆகவே பிரேக்கை மாற்றுவது என்று முடிவெடுத்தேன்.

முன் சில்லுகளில் இருந்த பழைய ட்ரம்மைக் கழற்றிவிட்டு டிஸ்க் பிரேக் போடவேண்டும். எனக்கு ஸ்பானரை எந்தப் பக்கம் பிடிப்பது என்பதைத் தவிர ஒன்றும் தெரியாது. போனில் வீடியோ பார்த்துப் பார்த்துச் செய்தேன். அயலிலுள்ள கராஜ்காரர் வந்து, நான் இறுக்கியதையெல்லாம் சிரித்துக்கொண்டு இன்னொருமுறை இறுக்கினார்.

பிரேக் ஒயில் வாங்க மட்டும் நானே தனியாகப் போனேன். கடையில் டொட் மூன்று, நாலு, ஐந்து என்று தர நம்பர் போட்ட போத்தல்கள் இருந்தன. நாலை விட ஐந்து பெரிது. இதில் யாரைக் கேட்பது? ஐந்தைத் தூக்கிக்கொண்டு ராசா மாதிரி வந்தேன். மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போத்தலின் பின்பக்கத்துச் சின்ன எழுத்தையெல்லாம் படித்தாள். மருந்துக் குளிசை மட்டையையும் அவள் அப்படித்தான் படிப்பாள். பிறகு போனை எடுத்தாள்.

"எடியே, உன்ரை அத்தான் கொண்டு வந்தது சிலிக்கோன் ஒயிலாம். மற்ற ஒயிலோடை கலக்கக் கூடாதாம். பின்சில்லுப் பைப்புக்குள்ளை பழைய ஒயில் கிடக்கெல்லே? பெரிய நம்பரெண்டு தூக்கிக்கொண்டு வந்திட்டார். செருப்பும் உப்பிடித்தான் வாங்கிறவரோ எண்டு கேள்!"

கராஜ்காரரும் நாலுதான் சரி என்றார். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போய் மாற்றிவந்தேன். வீட்டில் முன்பு திறந்த அரைப் போத்தல் ஒன்று கிடந்தது, அதையும் ஊற்றுவோமா என்று பார்த்தேன். "திறந்து வைச்சது ஈரத்தை இழுத்திருக்குமாம், மாரி மழைக்கு உப்புப் போத்தல் மாதிரி. எறியச் சொல்லு" என்று கனடாவுக்குத் தகவல் போனது. எறிந்தேன்.

கடைசி வேலை, குழாய்க்குள் நிற்கும் காற்றை எடுப்பது. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை அமர்த்திப் பிடிக்க, மற்றவர் சில்லடியில் காற்றை வெளியே விடும் நிப்பிளைத் திறந்து, குமிழி வந்ததும் பூட்டவேண்டும். பூட்டுவதற்கு முன் காலை எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். "அக்காவைக் கூப்பிடுங்கோ, அமத்தத் தெரிஞ்சால் காணும். நான் பேந்து வந்து பாக்கிறன்" என்று சொல்லிவிட்டுக் கராஜ்காரர் போய்விட்டார். அமர்த்துவதற்கு அவளை விட்டால் யார்?

வந்தாள். ஆனால் காருக்குள் ஏறி இருக்கவில்லை. கதவைத் திறந்து வெளியே நின்றபடி ஒரு காலை மட்டும் உள்ளே நீட்டினாள். சபதம் சபதம்தானே. போனை வீடியோவில் போட்டுக் கண்ணாடியோரம் சாய்த்து வைத்தாள்.

"அமத்தியாச்செண்டு சொல்லு."

"அத்தான், அமத்தியாச்சாம்."

நான் திறந்தேன், பூட்டினேன். "பூட்டியாச்செண்டு சொல்லும் பிள்ளை." கனடாவுக்குப் போன செய்தி ஆடி அசைந்து திரும்பி வந்தது. அதற்குள் அவள் கால் களைத்துவிடும், நான் திறக்கிற நேரத்தில் காலை எடுத்துவிடுவாள். குமிழி வந்த வழியே திரும்பிப் போகும். "அட கோதாரி, பழையபடி முதலிலை இருந்து!" என்று நான் கத்த, "எனக்கு விடிய வேலை இருக்கு, உங்கடை பிரேக்கை நான் கனடாவிலை இருந்து பிடிக்கேலாது!" என்று மச்சாள் கத்தினாள்.

அப்போதுதான் அது நடந்தது.

"இஞ்சேருங்கோ! பூட்டுங்கோ, கால் வழுக்குது, பூட்டுங்கோ!"

பூட்டினேன். இஞ்சேருங்கோ என்று கூப்பிட்டுவிட்டாள்! என்னைத்தான்! முற்றத்து மண்ணில் குப்புறக் கிடந்தபடி சிரித்தேன். கண் கலங்கியது.

"என்ன பல்லைக் காட்டிறியள்? திறவுங்கோ."

அதன்பின் பாட்டும் தாளமும் போல வேலை ஓடியது. "பிடிச்சிருக்கிறன்." "பூட்டியாச்சு." "விடுறன்." ஒவ்வொரு சில்லாக முடித்தோம். கடைசிச் சில்லில் குமிழியே வரவில்லை. "கல்லு மாதிரி நிக்குது!" என்று அவள் கூவினாள்.

"அக்கா," என்றது போன், "நீயேன் காருக்குள்ளை இருக்கிறாய்?"

எட்டிப் பார்த்தேன். ஓட்டுநர் இருக்கையில் வடிவாகச் சாய்ந்து, இரண்டு கையாலும் ஸ்டேரிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். எப்போது ஏறி இருந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"இருந்தால் என்ன? காத்தெடுத்தது நான். நான்தான் ஓடிப் பாப்பன்."

லைசென்ஸ் எடுத்து அலுமாரிக்குள் வைத்திருந்தவள் அவள். கராஜ்காரர் வந்து எல்லாவற்றையும் சரிபார்த்து ஓம் சொல்லும்வரை இறங்கவேயில்லை. நான் சுற்றிப் போய் இடப்பக்கம் ஏறினேன்.

கார் முற்றத்தைத் தாண்டிக் கேற்றடிக்குப் போனது. கேற்றடியில் எங்கள் வாழை, குலையோடு. அது கிட்டக் கிட்ட வந்தது. கார் நின்றது, பொனற்றுக்கு முன்னால் வாழையிலை ஆடியது.

அவள் என் காலைப் பார்த்தாள். இரண்டு காலாலும் நான் தரையை அமர்த்திக்கொண்டிருந்தேன்.

"அங்கை பிரேக் இல்லையப்பா," என்றாள். "என்னட்டைத்தான் இருக்கு. பயப்படாதேங்கோ."