மாலை தங்காத படம்

ஐப்பசி, முதல் வெள்ளிக்கிழமை: என் மனைவி வசந்தாவின் பத்தாம் நாள் காரியம். அன்று பகலில் அவள் வளர்த்த பூனை சுந்தரி வீட்டை விட்டு வெளியேறியது.

கார்த்திகை, இரண்டாம் ஞாயிறு, பிற்பகல்: மழை. செல்பேசியில் சுந்தரியை ஓவியமாக வரைந்து, கழுத்தில் மாலையும் வரைந்தேன். மாலை தங்கவில்லை.

மறுநாள் காலை: மாலையில்லாமலே படத்தை அச்சிட்டேன்.

இவ்வளவும் நடந்தவை. நான் கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன்; ஆவி, அமானுஷ்யம் என்று யாரேனும் பேச்செடுத்தால் எழுந்து போய்விடும் வழக்கமுடையவன். ஆகவே நீங்கள் ஐயப்பட்டால் எனக்கு வருத்தமில்லை. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அதையே செய்வேன்.

அயனம்பாக்கம் ஏரிக்கரை வரை தேடியாயிற்று. புனேயிலிருந்து மகள்தான் முடிவாகச் சொன்னாள்: “அப்பா, இன்னும் எத்தனை நாளைக்குக் கிண்ணத்துல பால் ஊத்தி வெப்பீங்க? மெயின் ரோட்டுல போற லாரி ஒண்ணா ரெண்டா? அது போயிடுச்சுப்பா. ஒரு படம் வரைஞ்சு, மாலை போட்டு, அம்மா பக்கத்துல மாட்டிடுங்க.” வரையும் செயலியையும் அவளே சொல்லித் தரவிறக்க வைத்தாள்.

மாலையை வரைந்துவிட்டால் தேடுவதை நிறுத்திவிடலாம் என்பது என் எண்ணம். வசந்தா விட்டுப்போனவற்றில் உயிரோடு இருந்தது அந்தப் பூனை ஒன்றுதான் என்பதை நான் மகளிடம் சொல்லவில்லை.

வேலை கடினமன்று. புகைப்படத்தை அடியில் மங்கலாக வைத்து, அதன்மேல் கண்ணாடித் தாள் போன்ற லேயர்களில் விரலால் வரைய வேண்டும். புகைப்படத்தைத் தொட்டால் அந்த இடத்து நிறம் தூரிகைக்கு வந்துவிடும். உடம்பின் கறுப்பு, காதின் உட்புறத்துச் சிவப்பு, கழுத்தின் வெள்ளை எல்லாம் அப்படித்தான் எடுத்தேன். கடைசி லேயரில் சாமந்தி மாலை. சேமித்துவிட்டுக் காபி போடச் சென்றேன். திரும்பி வந்தபோது பூனை இருந்தது, மாலை இல்லை. அந்த லேயர் மட்டும் வெறுமையாக இருந்தது.

பிழை என்னுடையது என்றே கொண்டேன். மீண்டும் வரைந்து, சேமித்து, காபித் தம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன். மீண்டும் வெறுமை. வீட்டில் வேறு யாருமில்லை, கதவு தாழிட்டிருந்தது, செல்பேசி சாப்பாட்டு மேசையைவிட்டு நகரவில்லை.

அந்தச் செயலி நாம் வரையும் ஒவ்வொரு கோட்டையும் பதிந்து, பிறகு காணொளியாக ஓட்டிக் காட்டும். ஓட்டினேன். நம்பினாலும் நம்பாவிட்டாலும் சரி, மாலை பூப்பூவாகக் கூடியது. பிறகு, கீழிருந்து மேலாக, மெல்லிய குறுங்கீறல்களாக அழிந்தது. செயலியில் நான் வைத்திருந்த அழிப்பான் விரல் தடிமன்; அது அப்படிக் கீறாது. மூன்றாம் முறை வரையவில்லை.

மறுநாள் அம்பத்தூரில் அச்சிட்டுத் திரும்புகையில், தெருமுனையில் மீன் விற்கும் கஸ்தூரி வண்டியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“இன்னா சார், எங்க ஊட்டுப் பூனைய படம் போட்டுகினு வர்றே?”

“இது எங்க வீட்டுப் பூனைம்மா. காணாமப் போயிடுச்சு.”

“அட, உன்துதானா அது! கால்ல அடிபட்டு ஏரியாண்ட படுத்துகினு இருந்துச்சு, நான்தான் தூக்கியாந்து மஞ்சா வெச்சிக் கட்னேன். தோ பாரு, கழுத்தாண்ட சுண்ணாம்பு தடவுன மாரி கீதே, இத்த வெச்சிதான் கண்டுகினேன். இல்லாங்காட்டி கறுப்புப் பூனைங்க எல்லாம் ஒரே மாரிதான?”

நான் மாலை வரைந்த இடம் அதுதான்.

“உடனே வரேன், காட்டும்மா.”

“வா, வா. ஆனா அது வருமான்னு கேளு. உன் ஊட்ல தயிர் சோறு, என் ஊட்ல வஞ்சிரத் தலை!”

அவள் வீட்டு ஃப்ரிட்ஜின் மேல் சுந்தரி படுத்திருந்தாள். என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டாள். பிறகு நொண்டிக்கொண்டே இறங்கி வந்து என் மடியில் ஏறினாள். கஸ்தூரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நானும்தான்.

இதையெல்லாம் தற்செயல் என்று விளக்கிவிட முடியும், முயன்றும் பார்த்தேன். ஆனால் அந்தக் காணொளியின் முடிவில், மாலை முழுதும் அழிந்தபின், பூனையின் ஒவ்வொரு கண்ணிலும் ஒரு வெள்ளைப் புள்ளி விழுகிறது. கண்ணுக்கு உயிர் தர ஓவியர்கள் வைக்கும் ஒளி. புகைப்படம் நிழலில் எடுத்தது, அதில் அந்தப் புள்ளிகள் இல்லை. நான் வைக்கவுமில்லை. அந்த இடம் வரும்போது இன்றும் காணொளியை நிறுத்திப் பார்க்கிறேன்.

இன்னும் செய்யாதவை:
வசந்தாவின் படத்துக்குப் பக்கத்தில் சுந்தரியின் படத்துக்கென்று அடித்த ஆணியைப் பிடுங்குவது.
காணொளியை மகளுக்கு அனுப்புவது.
மீன் சமைக்கக் கற்றுக்கொள்வது.