பாதி கிடங்கு எனக்கு, பாதி சகலைக்கு

என் மனைவியின் தங்கை புருஷனை எனக்குப் பிடிக்காது. இத்தனை வருஷத்தில் இதை யாரிடமும் சொன்னதில்லை. கேட்டால், "நல்ல பையன்லா, ரொம்ப மரியாதை" என்றுதான் சொல்வேன். நல்ல பையன்தான். மரியாதை தெரிந்தவன்தான். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருத்தனை வெறுக்க வேண்டுமென்றால் அதற்கு அவனும் கொஞ்சம் ஒத்துழைக்க வேண்டாமா?

நாங்கள் இருவருமே வைஃபை அமைத்துக் கொடுக்கும் வேலை பார்க்கிறவர்கள். ஹோட்டல் கூரையிலும் தொழிற்சாலைக் கூரையிலும் வெள்ளைத் தட்டு மாதிரி ஒன்று ஒட்டியிருக்குமே, அந்தப் பெட்டிகள்தான் எங்கள் பிழைப்பு. நான் கூலாயில் ஒரு சீன முதலாளியின், தவுக்கேயின், கடையில் இருக்கிறேன். அவன் தினமும் எல்லைப் பாலத்தைத் தாண்டிப் போய்ச் சிங்கப்பூரில் ஒரு கம்பெனியில். எங்கள் கடை ஒரு பிராண்ட் விற்கிறது, அவன் கம்பெனி அதற்கு நேர் எதிரியான பிராண்ட் விற்கிறது. எனக்கு ஏணியில் ஏறி ஏறி முழங்கால் தேய்ந்துவிட்டது. அவன் காலில் போட்ட சப்பாத்தில் தூசி இருந்து நான் பார்த்ததில்லை.

இந்த பிராண்டுகளின் கூத்தைச் சொல்ல வேண்டும். வைஃபை எப்படிப் பேச வேண்டும் என்ற விதியை, தரநிலை என்கிறார்களே அதை, இந்தக் கம்பெனிக்காரர்களேதான் ஒரே மேசையில் உட்கார்ந்து எழுதுகிறார்கள். எழுதி முடிவதற்குள் வரைவைக் கையில் வைத்துக்கொண்டே பெட்டி செய்து, நாங்கள்தான் முதலில் என்று சந்தைக்கு ஓடுவார்கள். ஆறாம் தலைமுறை என்றார்கள், ஏழு என்றார்கள், எட்டுக்கும் இப்போதே பேச்சு. எங்கள் பிராண்டிலிருந்து பயிற்சி கொடுக்க வருகிறவர் முதல் ஒரு மணி நேரம் எதிரி பிராண்டைத் திட்டுவார். அதற்கப்புறம்தான் சொந்தப் பெட்டியைத் திறப்பார். ஆனால் விதி எல்லாருக்கும் ஒன்று என்பதால், யார் செய்த கைபேசியும் யார் செய்த பெட்டியோடும் பேசிக்கொள்ளும். சண்டை விற்கிறவர்களுக்கு மட்டும்தான்.

சகலை ஒரு முறை அந்த மேசைக்குப் பக்கத்திலேயே போய்விட்டான். வெளிநாட்டில் ஏதோ கூட்டம். தரநிலை எழுதுகிற ஆட்களோடு நின்று படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டான். என் மனைவி அதற்கு மூன்று இதயம் போட்டாள். எண்ணினேன். அதே வாரம் நான் ஒரு ஹோட்டலில் ஒன்பது மாடிக்கு வயர் இழுத்து முடித்துப் படம் போட்டிருந்தேன். அதற்கு ஒரு கட்டைவிரல்.

குளுவாங்கில் மாமியார் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. மீன் தலைக் கறி என்றால் தலை யாருக்கு? "சிங்கப்பூர் மாப்பிள்ளைக்கு வைம்மா, அலைஞ்சு திரிஞ்சு வர்றாரு" என்பார் மாமியார். கல்யாண வரிசையில் நான்தான் மூத்த மருமகன். கூலாயிலிருந்து பறந்தா வருகிறேன்? எனக்கு வால் பக்கத்துத் துண்டு வரும். "பரவால்ல அத்தை, எனக்கு முள்ளுதான் பிடிக்கும்" என்று சிரித்துக்கொண்டே முள்ளை எடுப்பேன்.

இப்படி இருக்கும்போதுதான் செனாய்ப் பக்கம் ஒரு பெரிய கிடங்கு எங்கள் கைக்கெட்டும் தூரத்தில் வந்தது. மூன்று கட்டடம். முதல் கட்டடத்தில் யார் நன்றாகச் செய்கிறார்களோ அவர்களுக்கு மூன்றும். தவுக்கே என்னை உள்ளே கூப்பிட்டு மலாயில் சொன்னார். இது கிடைத்தால் வயர்லெஸ் பிரிவு என் பொறுப்பு, ஏணிக்கு வேறு ஆள். கிடைக்காவிட்டால் இந்த பிராண்டையே திருப்பிக் கொடுத்துவிட்டுக் கடையில் கண்காணிப்புக் கேமரா வேலை மட்டும் பார்ப்போம் என்றார். நாற்பத்தாறு வயதில் மறுபடியும் கேமரா மாட்ட ஏணி ஏறுவதா? எப்படியாவது இதைப் பிடித்தே தீர வேண்டும் என்றிருந்தது.

கிடங்கு மேனேஜர் ஒரு மலாய்ப் பெண்மணி. கறாரானவர். "பாதி பாதி" என்றார். எங்கள் தொழிலில் அது வழக்கம்தான். ஒரே கூரை, நடுவில் ஒரு கோடு, இந்தப் பக்கம் ஒரு பிராண்ட், அந்தப் பக்கம் இன்னொன்று. வேலையாட்களுக்கு வித்தியாசம் தெரியக் கூடாது என்று இரண்டு பக்கத்துக்கும் ஒரே வைஃபை பெயர். ஆட்கள் கையில் ஸ்கேனர் வைத்துக்கொண்டு பெட்டி பெட்டியாகப் 'பீப்' அடிப்பார்கள். என் பக்கத்து ஸ்கேனர்களுக்கு ஏ என்று ஆரம்பிக்கும் எண்கள், அந்தப் பக்கம் பி. இரண்டு வாரச் சோதனை.

அந்தப் பக்கம் யார் என்று கேட்டேன். மேனேஜர் கை காட்டிய இடத்தில், இஸ்திரி கலையாத சட்டையோடு சகலை நின்றான். அலமாக்!

"அண்ணே! நீங்களா? நல்லதாப் போச்சு, தெரிஞ்ச ஆளு" என்று கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"ஆமா, நல்லதாப் போச்சு" என்றேன், கையை உருவிக்கொண்டே.

ஒரு ஆறுதல் இருந்தது. என் பெட்டி ஏழாம் தலைமுறை, புத்தம் புதுசு. அவன் கொண்டுவந்தது ஆறாம் தலைமுறை. முதல் வாரம் செவ்வாய்க்கிழமை காலையில் அவன் எங்கோ போயிருந்த நேரம் பார்த்து, கோட்டைத் தாண்டி அவன் பக்கம் போனேன். கோட்டை ஒட்டிய ஒரு ரேக்குக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கைபேசியில் வேகத்தை அளந்தேன். அறுநூறு மெகாபிட் சொச்சம்! என் பக்கத்தில் எனக்கு வருவதும் அதே அறுநூறுதான். அடப்பாவி, பழைய பெட்டியை வைத்துக்கொண்டு எப்படிடா? மறுபடியும் அளந்தேன். அதே அறுநூறு. அவனுக்கு மட்டும் எல்லாம் எப்படி வாய்க்கிறது என்று ரேக்குக்குப் பின்னால் நின்று பொருமினேன். என் கண்ணில் தண்ணீர் வந்தது, தூசியால் இல்லை.

அன்று சாயங்காலமே வேனில் உட்கார்ந்து என் பெட்டிகளின் சேனலை முழு அகலத்துக்குத் திறந்துவிட்டேன். சேனல் என்பது அலை போகிற பாதை. பாதை அகலமானால் வேகம் காட்டும். ஸ்கேனருக்கு அத்தனை வேகம் தேவையே இல்லை, அது அனுப்புவது ஒரு துக்கடா எண். அகலமாகத் திறப்பது பார்க்கிறவர்களுக்குக் காட்டத்தான். எனக்கும் காட்டத்தான் வேண்டியிருந்தது.

அதில் ஒரு சிக்கல் உண்டு. எங்கள் அலைவரிசையில் ஒரு பகுதி ரேடாருக்குச் சொந்தம், நாங்கள் அங்கே இரவல் குடி. ரேடார் சத்தம் காதில் பட்டால் பெட்டி உடனே வாயை மூடிக்கொண்டு வேறு இடம் போக வேண்டும். போன இடமும் ரேடாருடையதாக இருந்தால், அங்கே ஒரு நிமிடம் சும்மா கேட்டுவிட்டுத்தான் வாய் திறக்கலாம். தரநிலையிலேயே எழுதியிருக்கிறது, எந்தக் கம்பெனியும் தப்ப முடியாது. குறுகலான பாதை என்றால் ரேடார் இடத்தைத் தொடாமல் ஒதுங்கிக்கொள்ளலாம். முழு அகலம் என்றால் அங்கே கால் வைக்காமல் முடியாது. கிடங்கோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கியவன் நான். தெரிந்தேதான் செய்தேன்.

இரண்டாம் வாரக் கடைசியில் மேனேஜர் பார்க்க வந்தார். என் பக்கம் ஆயிரத்தைத் தாண்டியது. சகலை பக்கம் முந்நூறுக்குக் கொஞ்சம் மேல். போன வாரம் அறுநூறு காட்டியவன் இன்று எதையோ சொதப்பிவிட்டான் என்று நினைத்தேன். உள்ளுக்குள் ஒரே குஷி. மேனேஜர் புருவத்தைத் தூக்கி என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு லாரி ஏற்றுகிற பக்கம் போனார்.

அவர் போன கையோடு என் மடிக்கணினியில் சிவப்பு. ஒரு பெட்டி, இரண்டு, கடைசியில் எட்டுப் பெட்டியும். ரேடார். என் பாதிக் கிடங்கு முழுக்க ஊமை. இன்னும் சில விநாடியில் ஸ்கேனர்கள் நிற்கும், ஆட்கள் கத்துவார்கள், மேனேஜர் திரும்பி வருவார். தீர்ந்தது கதை என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

பீப். பீப். ஆட்கள் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தார்கள். நடுவில் சுவர் இல்லாத ஒரே கூரை, வைஃபை பெயரும் ஒன்றே. என் ஸ்கேனர்கள் என் பெட்டியைக் காணோம் என்றதும் கோட்டைத் தாண்டிச் சகலையின் பெட்டிகளைப் பிடித்துக்கொண்டு ஓடின. கோட்டுக்கு அந்தப் பக்கம் அவன் தன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் ஏ எண்கள் அதில் வரிசையாக வந்து விழுந்திருக்கும். தலையைத் தூக்கி என்னை ஒரு பார்வை பார்த்தான். மறுபடியும் குனிந்துகொண்டான். ஒரு நிமிடத்தில் என் பெட்டிகள் எல்லாம் பச்சைக்கு வந்தன.

"ஒரு தடங்கலும் இல்ல, ரெண்டு பேரும் நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க" என்கிற மாதிரி மேனேஜர் மலாயில் சொன்னார். நான் சகலையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் திறக்கவில்லை.

வேகத்துக்காகவும் புதுத் தலைமுறைக்காகவும் மூன்று கட்டடமும் எனக்கு வந்தன. தவுக்கே என் தோளில் தட்டினார். ஏணியைத் தொடாதே என்றார். சந்தோஷப்படத்தான் பார்த்தேன், வரவில்லை. அவன் மட்டும் அங்கேயே சொல்லியிருந்தால் நிம்மதியாகத் திட்டித் தீர்த்திருப்பேன். அதற்கும் வழி விடாமல் நல்லவனாக இருந்து தொலைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை குளுவாங். மீன் தலை இந்த முறை என் தட்டில். "கூலாய் மாப்பிள்ளைதான் பெரிய வேலைய புடிச்சிருக்காரே" என்றார் மாமியார்.

"ஆமா அத்தை, அண்ணன் நம்பர பாத்துட்டு எங்க ஆளுங்களே அசந்து போயிட்டாங்க" என்றான் சகலை, வால் துண்டில் முள் எடுத்துக்கொண்டே.

எத்தனை வருஷமாக ஆசைப்பட்ட தலை! ஒரு வாய்கூட இறங்கவில்லை. கண்ணும் தாடையுமாக அப்படியே தட்டில் கிடந்தது.

கை கழுவும் குழாயடியில் அவன் பின்னாலேயே வந்தான். குரலைத் தாழ்த்தி, "அண்ணே, நாளைக்கு நான் என் பெட்டிங்கள கழட்டிடுவேன். அதுக்கு முன்னாடி சேனல் அகலத்த குறைச்சிடுங்க. நூத்தறுபது வேணாம், நாப்பதுல வைங்க, போதும்" என்றான்.

"எனக்குத் தெரியும்லா" என்று சுள்ளென்று விழுந்தேன். "நீ ஒண்ணும் சொல்லிக் குடுக்க வேணாம். அன்னைக்கே மேனேஜர்கிட்ட சொல்லியிருக்க வேண்டியதுதானே? பெரிய மனசு காட்றியா?"

அவன் முகம் சிவந்துவிட்டது. "பெரிய மனசுமில்ல ஒண்ணுமில்ல. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு சொல்றது? மொத வாரம் நானும் முழுசாத்தான் தொறந்து வெச்சேன். உங்களது ஏழு, என்னோடது ஆறு. எப்படியாவது உங்கள முந்தணும்னு. செவ்வாக்கிழமை காலையில ரேடார் அடிச்சு என் பக்கம் மொத்தமும் படுத்துருச்சு. ஒரே இடமா இல்ல, தாவித் தாவி ரெண்டு மூணு நிமிஷம். உங்க பெட்டிங்கதான் என் ஆளுங்கள தாங்குச்சு. அன்னைக்கே குறைச்சிட்டேன். நீங்க பாத்துட்டு சொல்லாம விட்டீங்கன்னு நெனச்சேன்."

"என்னைய எதுக்கு முந்தணும் உனக்கு?"

"ஆறு மணிக்கு நீங்க வீட்ல இருக்கீங்க. நான் பாலத்துல நெரிசல்ல நிக்கிறேன். என் மக பள்ளிக்கூடத்துல பரிசு வாங்குனா மொதல்ல 'பெரியப்பா'ன்னு உங்களுக்குத்தான் போன் அடிக்குது. எனக்கு மட்டும் எரியாதா?" என்று சொல்லிவிட்டு, ஈரக் கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

நான் நம்பவில்லை. காரில் போய் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தேன். யார் யார் எப்போது என் பெட்டிகளைப் பிடித்தார்கள் என்ற பட்டியல் அதில் இருக்கும். இரண்டு வாரமாக நான் அதைத் திறந்தே பார்க்கவில்லை. அவன் நம்பரைப் பார்ப்பதற்கே நேரம் சரியாக இருந்தது. செவ்வாய்க்கிழமை காலைக்குப் போனேன். அவன் சொன்னது உண்மை. என் ஏ எண்களுக்கு நடுவில் வரிசையாக பி, பி, பி, பதினேழு ஸ்கேனர்கள்.

அதற்குக் கீழே பதினெட்டாவதாக ஒரு கைபேசி. பெயரைப் பார்த்தேன். என்னுடையது.

ரேக்குக்குப் பின்னால் ஒளிந்து நின்று நான் அளந்த அந்த நேரத்தில் அவன் பெட்டிகள் செத்துக் கிடந்திருக்கின்றன. என் கைபேசி கோட்டைத் தாண்டி என் பெட்டியைத்தான் பிடித்திருக்கிறது. அந்த அறுநூறு என் அறுநூறு. அதைப் பார்த்துத்தான் கண்ணில் தண்ணீர் விட்டேன், அதை முந்தத்தான் முழுசாகத் திறந்தேன்.

என் மனைவி வந்து கார்க் கண்ணாடியைத் தட்டினாள். "அங்க என்னங்க பண்றீங்க? தலைய அப்படியே வெச்சிட்டு வந்துட்டீங்க, அம்மா கேக்குறாங்க, சிங்கப்பூர் மாப்பிள்ளைக்குக் குடுத்திடட்டுமான்னு."

"வேணாம், நானே சாப்புடுறேன்" என்று சொல்லிவிட்டுக் கணினியை மூடினேன்.