நல்ல பழம் நாளைக்கு

இங்கே நோர்வேயில், குறொன்லாண்ட் தெருக் கடை வாசலில் யூலை மாதத்து மாம்பழப் பெட்டிகளைக் கண்டால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான் வரும். மற்றவர்களுக்கு வாயூறும். எனக்கு அத்தானின் முகம் வரும்.

அக்காவைக் கட்டியவர். பஸ் ஓட்டுநர். குடியில்லை, கைநீட்டமாட்டார், ஊரெல்லாம் நல்ல பெயர். ஒருநாள் பள்ளிக்கூட முற்றத்துப் பழஞ்சாமான் சந்தையில், பழைய ரோமாபுரிக் கவிஞன் ஒருவனின் பாட்டுப் புத்தகமொன்றை நோர்வேஜிய மொழியில் வாங்கிவந்தார். அன்றோடு அந்த வீடு கெட்டது. இன்பத்துக்கு அளவு வேண்டுமென்று இரண்டாயிரம் வருசத்துக்கு முன்னமே அவன் சொல்லிவிட்டானாம். கலியாணவீட்டில் அக்கா இரண்டாம் தரம் பாயசம் கேட்டால் மேசைக்குக் கீழே அவள் கையை அழுத்திப் பிடிப்பார். "அளவோடை, அளவோடை."

மாம்பழத்தில்தான் அந்த மனிசனின் ஞானம் முழுதாய்த் தெரிந்தது. ட்வெய்ட்டாவில் அவர்கள் இருந்த வீட்டுப் பல்கனியில் பெட்டி இருக்கும். நாளுக்கு ஒன்று, ஆளுக்குப் பாதி. அதிலும் பழுதாகத் தொடங்கியதைத்தான் முதலில் வெட்ட வேண்டும். "நல்லது நாளைக்கு இருக்கட்டும்" என்பார். நாளைக்கு அந்த நல்லதும் கறுத்திருக்கும். பெட்டியின் அடிவரைக்கும் இதே கதை. அக்காவோ மாம்பழப் பைத்தியம். கறுப்பு விழாத ஒரு பழத்தை அவள் அந்த வீட்டில் தின்று நான் காணவில்லை. "ஏனக்கா பேசாமல் இருக்கிறாய்? நல்லதா ஒண்டை எடுத்துத் தின்னன்!" என்று கத்தியிருக்கிறேன். "விடடி, அந்தாள் பாவம்" என்பாள். பாவமாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வருச யூலையில் அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இனி வீட்டுக்கு வரமாட்டாள் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். "இஞ்சேருங்கோ, நல்ல பழமா ஒண்டு, முழுசாக் கொண்டு வாங்கோவன்" என்று அத்தானிடம் கேட்டாள். அவர் டப்பாவில் கொண்டுவந்தது பாதிப் பழம், கறுத்த பக்கத்தைச் சீவியெறிந்தது. மிச்சம் நாளைக்காம். அக்கா ஒரு துண்டை வாயில் வைத்துவிட்டு மூடியை மூடச் சொன்னாள். விடிய முன்னமே போய்விட்டாள்.

செத்தவீடு முடிந்த கையோடு அந்தப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அளவைப் பற்றிய வரிகளுக்கெல்லாம் பென்சில் கோடு. எதிர்ப்பக்கத்தில் அதே கவிஞன், வாழ்நாள் கொஞ்சம், நாளையை நம்பி இன்றைய சந்தோசத்தைத் தள்ளிவைக்காதே என்றும் பாடியிருக்கிறான். அங்கே ஒரு கோடும் இல்லை. பழத்தைப் போலவே கவிஞனையும் பாதியாய் வெட்டித்தான் வாசித்திருக்கிறார்.

இந்த யூலையில் ஆண்டுத் திவசம். படையலில் அக்காவின் படத்துக்கு முன்னால் ஒரு முழு மாம்பழம் இருந்தது. பெட்டியிலேயே திறமான பழம், பொட்டுக் கறுப்பில்லை. படத்துக்குக் கொடுக்க மட்டும் மனம் வந்திருக்கிறது! படையல் எடுக்கும்போது அதற்குத்தான் நான் கைநீட்டினேன்.

"பிள்ளை, அது நல்ல பழம். நாளைக்கு இருக்கட்டும்" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை. வந்தவர்கள் எல்லாரும் பார்க்கத் தோலோடு கடித்தேன். சாறு முழங்கைவரை வழிந்தது. கொட்டையைச் சூப்பி முடிக்கும்வரை அவருக்கு ஒரு துண்டும் கொடுக்கவில்லை.